ஹிதாயாவின் பெண்கள்

மொம்பாஸா
ஜமாதுல் அவ்வல் 10, ஹிஜ்ரி 1329

லாமுவில், கடலைப் பார்த்த பெரிய கல்வீட்டில் இருக்கும் பீபி மயாஸா பிந்த் முஹிதீன் அவர்களுக்கு,

சலாம். உங்கள் உடம்பும் கண்களும் நலமாக இருக்க வேண்டும். படிக்கப் புத்தகமும் விளக்குக்கு எண்ணெயும் குறையாமல் இருக்க வேண்டும். இந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். மொட்டைமாடிச் சுவரில் கரித்துண்டால் நீங்கள் கற்றுக்கொடுத்த எழுத்துதான். 'நூன்' எனக்கு இன்னும் கவிழ்ந்த படகு மாதிரியே வருகிறது.

நான்கு வருடமாக எழுதவில்லை. சொல்லாமல் வந்தவள் கடிதத்தை எங்கிருந்து தொடங்குவது? அடிமைகள் இனி விரும்பினால் போகலாம் என்று அரசாங்கம் அறிவித்த வாரமே படகேறிவிட்டேன். உங்களிடம் சொன்னால் அழுவீர்கள், நீங்கள் அழுதால் நான் நின்றுவிடுவேன் என்று பயமாக இருந்தது. உங்கள் அப்பா இறந்த செய்தியும் ஒரு வருடம் கழித்து ஒரு மாலுமி சொல்லித்தான் தெரியும். துஆ செய்தேன்.

இங்கே காலையில் அரிசி அப்பம் சுட்டு விற்கிறேன். வெயில் ஏறியதும் தொப்பிகளுக்குப் பூவேலை. ஃபரஜி என்று ஒருவர், மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் எண்ணெயில் நனைத்த பஞ்சு அடைக்கிறவர், இரண்டு வருடமாகத் தினமும் என்னிடம் அப்பம் வாங்குகிறார். போன மாதம் சொன்னார்: "என் கையெல்லாம் சுறா எண்ணெய் நாத்தம். உன் கையெல்லாம் தேங்காயெண்ணெய் நாத்தம். ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டா ஊரு தப்பிச்சிரும்ல?" நான் சிரித்துவிட்டேன். சிரித்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டது சரிதான்.

எங்கள் தெருக் காஜியிடம் போனோம். நல்ல மனிதர், ஆனால் சட்டக் கிதாபை விட்டு இம்மியும் நகராதவர்.

"உன் பக்கத்துல நின்னு பேச ஆம்பளை யாரும்மா? அப்பா?"

"நான் பிறக்கறதுக்கு முன்னாடியே தோட்டத்துல காய்ச்சல்ல போயிட்டாராம்."

"அண்ணன் தம்பி?"

"இல்ல."

"அப்போ உன்னை அடிமையா வச்சிருந்த வீட்டுக்காரர்தான்."

அரசாங்கம் தந்த விடுதலைக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார். "இது உனக்குக் கூலி வாங்கித் தரும்மா. நிக்காஹ் பண்ணி வைக்காது. விடுதலை உன் எசமான் வாயிலேர்ந்து வரணும். இல்லன்னா இந்தக் கல்யாணத்துக்கு அவரோட அனுமதியாவது வரணும்."

அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் ஷாலியிடம் ஒரு வரி எழுதி வாங்கித் தர முடியுமா? 'தௌஸியின் நிக்காஹுக்கு எனக்குச் சம்மதம்' என்று இருந்தால் போதும்.

நிக்காஹ் இல்லாமலே சேர்ந்து இருக்கிறவர்கள் இந்தத் தெருவில் நிறைய இருக்கிறார்கள், யாரும் கல்லெறிவதில்லை. ஆனால் என் அம்மாவை யாரும் கேட்டதே இல்லை. 'இவனோடு இரு' என்றார்கள், இருந்தாள். அவனைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், விலகி நின்றாள். என்னை ஒருவர் கேட்க வேண்டும் பீபி. சாட்சிகள் முன்னால் கேட்க வேண்டும். நான் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நோன்பு பிறப்பதற்குள் நடந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் வீட்டில் வளர்ந்த
தௌஸி


லாமு
ஜமாதுல் அவ்வல் 28

என் உயிரான தௌஸிக்கு,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். எட்டாவது தடவை 'நூன்'களை மட்டும் பார்த்தேன்.

ஆனால் இது என்ன புதிதாக 'பீபி', 'அவர்களுக்கு'? உன் அம்மா ஹிதாயாவின் ஒரு பக்கத்தில் நான் குடித்தேன், மறுபக்கத்தில் நீ. நம் மார்க்கத்தில் அது உடன்பிறப்பு. உனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால்கூட நான் அவனைக் கட்டிக்கொள்ள முடியாது! அப்படிப்பட்டவளுக்கு சுல்தானுக்கு மனுப்போடுகிற மாதிரி எழுதியிருக்கிறாயே. மனசு வலித்தது.

நீ போன பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சமையல் நானே செய்கிறேன். மீன் செதில் நகக்கண்ணில் ஏறினால் இவ்வளவு எரியும் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஷிரா பின்னறையில் சுருட்டி வைத்தபடி கிடக்கிறது. அந்தத் துணிக்கூடாரத்தின் நான்கு கழிகளைப் பிடிக்க நான்கு பேர் வேண்டும், ஒருவரும் இல்லை. அது இல்லாமல் நம் வீட்டுப் பெண் தெருவில் கால் வைக்க முடியுமா? நான் வாசலைத் தாண்டி நான்கு வருடமாகிறது. இருக்கிற புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கடலை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

அண்ணனிடம் கேட்டேன். முதல் நாள் கத்தினார். "போனவளுக்கு நம்ம பேரு எதுக்கு? அரசாங்கம்தானே இப்ப அவளுக்கு அப்பன்? அந்த அப்பனையே தாரை வாத்துக் குடுக்கச் சொல்லு!" மூன்றாம் நாள் கொஞ்சம் இறங்கினார். "வரட்டும். தலைத்துணி இல்லாம, செருப்பு இல்லாம, முன்ன மாதிரி படிக்குக் கீழ நின்னு கேக்கட்டும். எழுதித் தர்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. கரைக்கு அப்பால் இருக்கும் தோட்டங்களில் ஆளில்லாமல் புதர் மண்டிவிட்டது. கிணற்றில் அவரே தண்ணீர் இறைக்கிறார். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு இறைக்கிறார்.

நீ ஒருமுறை வந்து போனால் என்ன? படிக்குக் கீழே நீ நிற்கிற நேரம் ஒரு அப்பம் வேகிற நேரம்கூட இருக்காது. பிறகு மேலே என் அறைக்கு வந்துவிடலாம். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு மருதாணி நான்தான் வைக்க வேண்டும். வா.

உன் பால் சகோதரி
மயாஸா


மொம்பாஸா
ஜமாதுல் ஆகிர் 15

மயாஸா,

பேரைச் சொல்லி எழுதிவிட்டேன்.

நான் வரமாட்டேன். கோபமில்லை. இங்கே வந்திறங்கிய முதல் வாரம் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு தலைத்துணி. அதைப் போட்டுக்கொண்டு மீன் சந்தைக்குப் போனேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை மயாஸா! எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? உன் ஷிராவின் முன்கழியை நான் பிடித்து வந்த வருடங்களில் நீ உள்ளே மறைந்திருப்பாய். நான் வெளியே, வெறுந்தலையோடு. துறைமுகத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தது என்னைத்தான். அப்பம் வேகிற நேரம்தான் என்று எழுதியிருக்கிறாய். அப்பம் சுடுகிறவளுக்குத் தெரியும் அது எவ்வளவு நேரம் என்று.

காஜியிடம் மறுபடி போனேன். உன் அண்ணன் சொன்னதைச் சொன்னபோது தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உன் பழைய எசமான் எப்பவாவது உன்னை விட்டதா ஒரு வரி எழுதி வச்சிருந்தா விஷயம் வேற. அப்ப நீ முழுசா சுதந்திரமானவ. அவர் மகன் காரணமில்லாம மறுத்தா, அவர் எடத்துல நானே நின்னு நடத்தி வைப்பேன். அப்படி ஏதாவது இருக்கா? அந்தக் காலத்துல நேர்த்திக்காக, பாவப் பரிகாரத்துக்காக விடுதலை பண்றவங்க உண்டு."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். உன் அப்பாவின் செதுக்குப்பெட்டியில் இருந்த காகிதங்கள் எல்லாவற்றையும் நீ படித்திருக்கிறாய். அந்த வீட்டில் நீ படிக்காத காகிதம் கிடையாது. என்னைப் பற்றி ஒரு வரி உண்டா? இல்லையென்றால் இல்லை என்று எழுது. வேறு வழி பார்க்கிறோம். ஃபரஜி சொல்கிறார், "அவங்க பெட்டியில இல்லன்னா என் பெட்டியில தேடு, சுத்தியலும் பஞ்சும் இருக்கு" என்று.

தௌஸி


லாமு
ரஜப் 3

தௌஸி,

இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதம் இருக்கிறது. அதை முதலில் எடுத்துப் பத்திரமாக வை. ஈரக்கையால் தொடாதே. பிறகு இதைப் படி.

இருந்தது. எப்போதும் இருந்தது.

ஹிஜ்ரி 1310இல் அப்பா தன் தம்பியோடு சண்டை போட்டு, இனி அவன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தார். அதே வருடம் தம்பிக்கு நோய் முற்றியதும் ஓடிப்போய்ப் பார்த்தார். சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரம் செய்யவேண்டும்: பத்து ஏழைகளுக்குச் சோறு, அல்லது துணி, அல்லது ஓர் அடிமைக்கு விடுதலை. அப்பா விடுதலையைத் தேர்ந்தெடுத்தார். வீட்டில் இருந்தவர்களிலேயே ஆகச் சின்ன ஆளைத் தேர்ந்தெடுத்தார். உனக்கு ஐந்து வயது. எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, பெட்டியில் வைத்துவிட்டார். உன்னிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவர் உன்னை அல்லாஹ்வுக்கு விடுதலை செய்தார் தௌஸி, உனக்குச் செய்யவில்லை.

இதுவரை அப்பாவின் கதை. இனி என்னுடையது.

எனக்குப் பதினான்கு வயதானபோது அந்தக் காகிதத்தைப் படித்தேன். நீ கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஓடிவந்து உன்னிடம் சொல்லத்தான் எழுந்தேன். படியில் பாதி இறங்கிவிட்டேன். பிறகு, சொன்னால் நீ போய்விடுவாய் என்று தோன்றியது. திரும்பி ஏறினேன்.

அன்றிலிருந்து பெட்டிச் சாவியை என் இடுப்பில் முடிந்துகொண்டேன். ஏனென்று நீ ஒருமுறை கேட்டாய். அப்பா சொன்னார் என்றேன். அப்பா சொல்லவில்லை. உனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவள் நான். நீ படித்துவிடுவாய் என்பது எனக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் அம்மா சாகக்கிடந்தபோது உன்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாலு குடிச்ச கடனுன்னு கேக்கல, கண்ணு. உங்க அப்பாகிட்ட சொல்லி என் புள்ளைய மட்டும் விடச் சொல்லு" என்றாள். நான் "கேட்கிறேன் அம்மா" என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. 'அவள் பதின்மூன்று வருடமாகச் சுதந்திரமானவள்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சை நான் விடவில்லை. அவள் நிம்மதியில்லாமல் போனாள்.

உன் முதல் கடிதம் வந்தபோதே அனுப்பியிருக்கலாம். அப்போதும் 'வந்து படிக்குக் கீழே நில்' என்றுதான் எழுதினேன். இதை அனுப்பினால் நான் யாரென்று உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான். வேறு காரணம் தேடிப்பார்த்தேன், இல்லை.

சாட்சிகளில் ஒருவர், பள்ளிவாசல் ஆசிரியர், இன்னும் இருக்கிறார். அவரை வரவழைத்து, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஆமா, நான் போட்ட கையெழுத்துதான். அந்தப் புள்ளைக்கே தெரியாதா? ஊருக்கே தெரியும்னுல்ல நெனச்சேன்!" என்றார். காகிதத்தின் பின்பக்கம் மறுபடி உறுதி எழுதித் தந்திருக்கிறார்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. இன்று சொல்லப்போகிறேன்.

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மயாஸா


மொம்பாஸா
ஷவ்வால் 12

பீபி மயாஸா அவர்களுக்கு,

காகிதம் கிடைத்தது. காஜி அதை மூன்று முறை படித்தார். உங்கள் அண்ணனுக்கு எழுதினார், பதில் வரவில்லை. தானே நின்று நடத்தி வைத்தார். ஷஃபான் இருபதில் நிக்காஹ் முடிந்தது.

திரைக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். காஜி கேட்டார்: "தௌஸி, ஃபரஜியைக் கணவராக ஏற்கச் சம்மதமா?" பக்கத்து வீட்டுப் பெண் என் வாயைப் பொத்தினாள். "பேசாதடி, வெக்கமில்லாதவன்னு சொல்லுவாங்க. சும்மா இருந்தாலே சம்மதம்னுதான் அர்த்தம்." மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, "மௌனம் போதும்" என்று காஜி எழுதப்போனார். அவள் கையைத் தள்ளிவிட்டு, "சம்மதம்!" என்றேன். தெருமுனையில் காபி விற்கிறவருக்குக் கேட்டதாம். எல்லாரும் சிரித்தார்கள். ஃபரஜி இன்றைக்கும், "செவிடனைக் கட்டிக்கிறோம்னு நெனச்சிட்டா போல" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மௌனம் அவர்களுக்குப் போதும். எனக்குப் போதாது.

இதற்குப் பிறகு நோன்பு மாதம் முழுவதும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். பதினைந்து வருடம் சுதந்திரமானவளாக உங்கள் வீட்டில் அடிமை வேலை செய்திருக்கிறேன். அதில் ஆறு வருடம், நான் கழி பிடித்த ஷிராவுக்குள் நீங்கள் தெரிந்தே நடந்திருக்கிறீர்கள். அதைக்கூட விட்டுவிடலாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்களே, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திட்டி எழுதிப் பார்த்தேன், அழித்தேன். மன்னித்து எழுதிப் பார்த்தேன், அது பொய்யாக இருந்தது.

ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கறுப்புத் துணியில் நான் தைத்த அங்கி. இங்கே புய்புய் என்பார்கள். பெரிய வீட்டுப் பெண்களும் அப்பம் விற்கிறவர்களும் இப்போது இதைத்தான் போடுகிறார்கள். தலையிலிருந்து கால்வரை மறைக்கும். தூக்கிவர யாரும் வேண்டாம்.

அதைப் போட்டுக்கொண்டு என் அம்மாவின் கபருக்குப் போங்கள். நீங்களே நடந்து போங்கள். ஊருக்குப் பின்னால் மணல்மேட்டில், அடிமைகளைப் புதைக்கிற இடத்தில் இருக்கிறது. கல் கிடையாது. பெரிய மனிதர்களின் சமாதிச் சுவரில் சீனத் தட்டுகள் பதிப்பார்களே, அதைப் பார்த்துவிட்டு, நம் சமையலறையில் உடைந்த நீலத் தட்டின் ஒரு துண்டை அம்மாவின் தலைமாட்டில் ஊன்றிவிட்டு வந்தேன். முள்மரத்துக்குக் கிழக்கே. இப்போது மணல் மூடியிருக்கும்.

நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் போய்ச் சொல்லுங்கள். போனீர்களென்றால் எழுதுங்கள். போகவில்லையென்றால் எழுத வேண்டாம்.

தௌஸி, ஃபரஜியின் மனைவி


லாமு
துல்கஃதா 6

தௌஸி அக்காவுக்கு,

நீ எனக்கு நான்கு மாதம் மூத்தவள். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் கூப்பிட உரிமை உண்டா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

போனேன்.

அங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். தெரு எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஆனால் ஷிராவுக்குள் இருந்து தரையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், முன்னால் போகும் உன் குதிகாலைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை வழி தவறினேன். கழுதைகள்கூட எனக்கு வழிவிடவில்லை. மணலில் செருப்பு புதைந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

முள்மரம் ஒன்று இல்லை, ஐந்து இருக்கிறது. எது என்று தெரியாமல் சுற்றியபோது விறகு பொறுக்க வந்த ஒரு கிழவி பார்த்துவிட்டாள். துனு என்று பேர். உன் அம்மாவோடு அடுத்தடுத்த கிணற்றில் தண்ணீர் எடுத்தவளாம்.

"யாரைத் தேடுற?"

"ஹிதாயாவை."

"நீ யாரு அவளுக்கு?"

"மகள்."

"பொய் சொல்லாத. அவ மவ மொம்பாஸாவுல அப்பம் சுடுறா."

"அது மூத்தவள். நான் இரண்டாவது. பால் குடிச்ச மகள்."

கிழவி விறகைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, கறுப்புத் துணிதான். "ஓ! கடிக்கிற கழுதை நீதானா!" என்றாள். "பாவி மவளே, உனக்குப் பல்லு மொளச்ச வருஷம் அவ பட்டபாடு எனக்கில்ல தெரியும்! நெஞ்செல்லாம் புண்ணு. துணி பட்டா அலறுவா. 'பீபி கொழந்த கடிக்குது, என்னத்தச் சொல்ல'ன்னு அழுவா." நான் அழுகிறேன் என்று தெரிந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

இருவரும் கையாலேயே தோண்டினோம். முழங்கை ஆழத்தில் நீலத்துண்டு கிடைத்தது. நிமிர்த்தி ஊன்றினேன். சுற்றிக் கடற்கரைக் கற்களை அடுக்கினோம். துனு தள்ளிப் போய் நின்றாள். உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். துனுவுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். இருவரும் சேர்ந்தே திரும்பினோம். கிணற்றடியில் பிரியும்போது, "அடுத்த வெள்ளிக்கும் வருவியா? வந்தா ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வா. அந்த முள்மரத்துக்கு ஊத்தலாம்" என்றாள். வெள்ளிக்கிழமை போனேன். குடம் இவ்வளவு கனமா அக்கா?

முதல் நாள் வீடு திரும்பியபோது அண்ணன் வாசலில் நின்றிருந்தார். காகிதத்தைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அங்கியில் என்னை அடையாளம் தெரியாமல், ஒதுங்கி நின்று, மரியாதையாகக் கேட்டார்: "யாரும்மா? யாரைப் பாக்கணும்?"

அந்தக் குரலில் அவர் எந்தப் பெண்ணிடமும் பேசி நான் கேட்டதில்லை. "ஹிதாயாவோட மகள்" என்றேன்.

என் குரல் தெரிந்திருக்கும். நான் நடந்து உள்ளே போகும்வரை ஒதுங்கியே நின்றார்.

ஷிராவின் கழிகளை அடுப்புக்கு எடுத்துக்கொண்டேன். நல்ல காய்ந்த மரம், நன்றாக எரிகிறது.

நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்கமாட்டேன். கபரில் கற்கள் நன்றாக இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் எழுதினேன். மழை வந்தால் மறுபடி போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

மயாஸா


மொம்பாஸா
துல்கஃதா 25

மயாஸா,

கடிதம் வந்தது. ஃபரஜி படகுக்குப் போகும்வரை காத்திருந்து தனியாகப் படித்தேன்.

துனு கிழவிக்குத் தெரியாது. கடித்தது நீ இல்லை. நான்.

அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் முதலில் பல் முளைத்தது. புண் ஆனதும் உன் அம்மாவுக்குக் கோபம், பால் கெட்டுவிடும் என்று. யார் கடித்தது என்று கேட்டார்கள். என் பேரைச் சொன்னால் எனக்குப் பாலை நிறுத்தியிருப்பார்கள். அதனால் நீதான் என்று சொல்லிவிட்டாள். உன்னை யார் என்ன செய்ய முடியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை போகும்போது துனுவிடம் சொல்லிவிடு. குடத்தை இடுப்பில் வைக்காதே, தலையில் வை. கனம் தெரியாது.

தௌஸி